விளைவும் பாடும்: பனிக்கடல் விளிம்பு முதல் பாக்கு விரிகுடா வரை கடலுற்பத்தி அளவையின் வரலாறு

1

சுன்னாகம் கடலோர ஊரன்று. செம்மண்ணும் சுண்ணக்கல்லும் கிணற்றுநீரும் சேர்ந்து உருவாக்கிய வேளாண்மை ஊர் அது. ஆயினும் சுன்னாகம் சந்தையில் மீன் வாங்க வருபவர் விலையைக் கேட்குமுன் 'எந்தக் கரை மீன்?' என்று கேட்பதைக் காணலாம். மாதகலா, மயிலிட்டியா, தீவுப் பகுதியா என்பது அவருக்கு முக்கியம். விற்பவரோ அன்றைய 'பாட்டை'க் கொண்டு விலை சொல்வார். பாடு என்பது வலையில் அகப்பட்ட மீனின் அளவு. கரைவலை வளைத்து இழுப்பதற்கு உரிமையான கடலோர இடமும் பாடு எனப்படும். பூநகரிப் பகுதியிலுள்ள வலைப்பாடு என்னும் ஊர்ப்பெயர் இப்பொருளை இன்றும் தாங்கி நிற்கின்றது. துன்பமும் உழைப்பும்கூடப் பாடுதான். பெறுபேறு, உரிமை, உழைப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லுள் அடக்கிய இவ்வழக்குக் கடற்றொழிலாளரின் சமூக அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை.

நிலத்துக்கு வேறொரு சொல் உண்டு. வயல் விளையும், தோட்டம் விளையும். விளைவு என்பது மண்ணின் ஆற்றலையும் நீரையும் உழைப்பையும் ஒருங்கே சுட்டுவது. கடல் விளைகின்றது என்று நாம் பொதுவாகச் சொல்வதில்லை. உப்பளத்தில் உப்பு விளையும், மீன் 'படும்'. விதைக்காமல் அறுக்கும் இடமாகவே கடல் கருதப்பட்டு வந்தமையின் விளைவு இது எனலாம்.

கடலில் எவ்வளவு விளைகின்றது என்னும் வினாவும், கடலிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகின்றது என்னும் வினாவும் வேறானவை. முதலாவது இயற்கையின் உற்பத்தி பற்றியது. இரண்டாவது அவ்வுற்பத்தியை மனிதர் கையகப்படுத்தும் முறை பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு விஞ்ஞானம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பாடுபட்டது. அம்முயற்சியின் மிகத் தெளிவான களங்களுள் ஒன்று நம்மிடமிருந்து வெகுதொலைவிலுள்ள துருவக் கடல்களில், உருகும் கடற்பனியின் விளிம்பில் அமைந்தது. மற்றொரு களம் நம் கண்ணெதிரே, மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் அமைந்தது. இவ்விரு களங்களையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய மாணவன் ஒருவன் கடலியலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்திய சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தோடு இணைத்துக் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய ஆய்வுக்குப் பின்னர், நெய்தலைக் காதலின் பின்னணிக் காட்சியாக மாத்திரம் படிப்பது இயலாது. நெய்தல் ஓர் உற்பத்திக் களம். அதன் உற்பத்தி எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதும் நமது ஆய்வுக்குரிய பொருளேயாகும்.

2

இவ்வினாவின் வேர் கடலில் இல்லை, மண்ணில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் யூஸ்டஸ் லீபிக், பயிரின் விளைச்சலைத் தீர்மானிப்பது தேவைக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும் ஊட்டப்பொருளே என்னும் விதியைப் பரப்பினார். நகரங்களுக்குச் செல்லும் உணவோடு மண்ணின் சத்தும் போகின்றது, அது திரும்புவதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் லீபிக்கின் இவ்வாய்வைப் பயன்படுத்தியே, முதலாளித்துவ வேளாண்மை மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தைக் குலைக்கின்றது என்று வாதிட்டார். அதே லீபிக்கின் சிந்தனை இன்னொரு வழியாகக் கடலுக்குச் சென்றது.

1870இல் பிரஷ்ய அரசு ஜேர்மனியின் கடல்களை ஆராய்வதற்கென்று கீல் நகரில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. கடற்றொழிலை வளர்ப்பதே அதன் தேவை. அக்குழுவின் முதன்மையானவர்களுள் ஒருவர் உடற்றொழிலியலாளரான விக்டர் ஹென்சன். மீனின் தொகை அது உண்ணும் உணவைப் பொறுத்தது. அவ்வுணவோ இறுதியில் நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரங்களைப் பொறுத்தது. ஆகவே கடலின் வளத்தை அறிய மீனை எண்ணுவது போதாது, மிதப்பவற்றை எண்ண வேண்டும் என்று அவர் கருதினார். 1887இல் இம்மிதவை உயிர்களுக்குப் 'பிளாந்தன்' என்னும் பெயரை வழங்கியவர் அவரே. குறித்த பரப்புடைய வலையைக் குறித்த ஆழத்திலிருந்து செங்குத்தாக இழுத்து, அகப்பட்டவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணும் முறையை அவர் வகுத்தார்.

1889இல் ஹென்சனின் தலைமையில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் நடைபெற்ற பிளாந்தன் பயணம் எதிர்பாராத முடிவைத் தந்தது. வெயிலும் வெப்பமும் மிக்க அயனமண்டலக் கடலில் பிளாந்தன் செறிந்திருக்கும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஆனால் எண்ணிப் பார்த்தபோது குளிர்ந்த வடகடல்களே வளமிக்கவையாகக் காணப்பட்டன. ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் 1890இல் இவ்வெண்ணும் முறையையே கடுமையாகத் தாக்கினார். எனினும் முடிவு நிலைத்தது. கீலைச் சேர்ந்த கார்ல் பிராண்ட், லீபிக்கின் விதியைக் கடலுக்குப் பிரயோகித்து, ஒளியன்று, நைதரசன் முதலான ஊட்டப்பொருள்களே கடல் விளைவின் எல்லையை வகுக்கின்றன என்று விளக்க முற்பட்டார். அவரது விளக்கத்தின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் வயலுக்கும் கடலுக்கும் பொதுவான ஒரு விதி உண்டென்னும் கருத்து நின்றுவிட்டது.

இங்கு இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஹென்சனின் வலைக்கண்களினூடாக மிகச் சிறிய உயிர்கள் தப்பிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹன்ஸ் லோமன் வேறு வடிகட்டும் முறைகளைக் கையாண்டு, வலையில் அகப்படாத நுண்பிளாந்தன் பெருந்தொகையாக உண்டென்று காட்டினார். அளவை என்பது கருவியின் கண்ணளவே காணும். எதைக் காணாமல் விடுகின்றது என்று கேட்பதும் அளவையின் ஒரு பகுதியேயாகும்.

3

குளிர்ந்த கடல் ஏன் வளமிக்கது என்னும் வினா ஆய்வாளரைப் பனியின் விளிம்புக்கு இட்டுச் சென்றது. 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் றோஸ் தலைமையில் அந்தாட்டிக் கடலுக்குச் சென்ற பயணத்தில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், பனியைப் பழுப்பு நிறமாக்கும் பொருள் தயற்றங்கள் எனப்படும், சிலிக்கா ஓடுடைய ஒருகல அல்காக்களே என்று கண்டிருந்தார். 1893 முதல் 1896 வரை 'பிராம்' கப்பலில் ஆட்டிக் பனியோடு மிதந்து சென்ற நோர்வேயின் பிரித்யொவ் நான்சன் பனிப்பாளங்களிலிருந்து சேர்த்த தயற்றங்களை ஹ. ஹ. கிரான் ஆராய்ந்து 1904இல் வெளியிட்டார். பனி உயிரற்ற வெளியன்று. அதன் அடிப்புறமே ஒரு நாற்றுமேடை என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

இளவேனிலில் அங்கு நிகழ்வது யாது? நீண்ட குளிர்கால இருளில் தாவரங்கள் வளர்வதில்லை. புயலும் குளிரும் நீரை ஆழம்வரை கலக்குவதால் அடிநீரின் நைத்திரேற்றும் பொசுபேற்றும் சிலிக்கேற்றும் மேலே வந்து சேமிப்பாகின்றன. இளவேனிலில் சூரியன் திரும்பும்போது பனி உருகுகின்றது. உருகிய நீர் உவர்த்தன்மை குறைந்தது. ஆதலால் அடர்த்தி குறைந்தது. அது கனத்த கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. இப்படையினுள் அகப்பட்ட தாவரப் பிளாந்தன் ஆழத்துக்கு அமிழ்த்தப்படாமல் ஒளியிலேயே நிற்கின்றது. பனியின் அடிப்புறத்திலிருந்து விடுபடும் அல்காக்கள் வித்துக்களாக அமைதலும் உண்டு. சத்து, ஒளி, நிலையான மேற்படை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடும் அச்சில கிழமைகளில் பச்சைப் பெருக்கம் ஒன்று எழுந்து, பின்வாங்கும் பனிவிளிம்பைத் தொடர்ந்து துருவத்தை நோக்கி நகர்கின்றது. சத்துத் தீர்ந்ததும் அது அடங்குகின்றது. தாவரம் ஆழத்துக்குக் கலக்கப்படுவதற்கும் அதன் வளர்ச்சிக்கும் உள்ள இத்தொடர்பை ஹரல்ட் ஸ்வெட்றுப் 1953இல் 'மாறுநிலை ஆழம்' என்னும் கருத்தாகக் கணித வடிவில் தந்தார்.

இப்பெருக்கத்தில் நிற்கும் பயிரை எண்ணுவது ஒன்று. அது எவ்வளவு விரைவாக விளைகின்றது என்பதை அளப்பது வேறொன்று. ஒரு வயலில் இன்று நிற்கும் புல்லை மாத்திரம் பார்த்து, ஆண்டு முழுவதும் மாடு மேய்ந்த புல்லைக் கணிக்க முடியாதல்லவா? 1927இல் கோர்டரும் கிரானும் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். ஒரே கடல்நீரை இரு போத்தல்களில் நிரப்பி, ஒன்றை ஒளிபட விட்டு, மற்றதை இருட்டாக்கிக் கடலில் தொங்கவிடுவர். ஒளிப்போத்தலில் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசன் கூடும். இருட்போத்தலில் சுவாசத்தினால் குறையும். இரண்டின் வேறுபாடு மொத்த விளைவைத் தரும். ஆனால் வளங்குன்றிய நீரில் அவ்வேறுபாடு அளவிட முடியாத அளவுக்குச் சிறியது. 1952இல் டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் வெளியிட்ட முறையே இக்குறையைப் போக்கியது. கதிர்வீசும் காபன் 14ஐக் கொண்ட காபனேற்றைச் சிறிதளவு போத்தலில் இட்டு, சில மணிநேரம் ஒளிபட விட்டு, பின்னர் வடிகட்டி, தாவரம் உட்கொண்ட கதிர்வீச்சை எண்ணுவது அம்முறை. 1950 முதல் 1952 வரை உலகைச் சுற்றிய 'கலதியா' கப்பலில் அவர் இதனைப் பயன்படுத்தினார். சமுத்திரங்களின் மொத்த விளைவுக்கு அவர் தந்த மதிப்பீடு, ஒட்சிசன் முறையைக் கொண்டு முன்னர் கூறப்பட்டவற்றினும் வெகுவாகக் குறைந்திருந்தமையால் நீண்ட விவாதம் எழுந்தது. சமுத்திரத் தாவரங்கள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 கோடி தொன் காபனை உணவாக்குகின்றன என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. இது தரைத் தாவரங்கள் அனைத்தும் ஆக்குவதற்கு ஏறத்தாழச் சமமானது.

காபன் 14 ஆய்வுகூடங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது 1946இலிருந்து அமெரிக்காவின் அணு உலைகளின் வழியாக என்பதை மறத்தலாகாது. அணுகுண்டை ஆக்கிய அதே தொழில்நுட்பத்தின் கிளையொன்று கடலின் உணவை அளக்கும் கருவியாயிற்று. விஞ்ஞானத்தின் கருவிகள் வரலாற்றுக்கு வெளியே நின்று பிறப்பவையல்ல.

கருவியைப் போன்றே பணமும். அந்தாட்டிக் கடலின் பிளாந்தன் பற்றிய முதற்பெரும் தொடராய்வு பிரித்தானியாவின் 'டிஸ்கவரி' ஆய்வுகளாகும். 1925இல் முதற்கப்பல் புறப்பட்டது. போக்லாந்து தீவுகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் எடுக்கப்பட்ட திமிங்கில எண்ணெய்மீது விதித்த வரியே இவ்வாய்வுக்கு நிதி வழங்கியது. பனிவிளிம்பில் தயற்றம் பெருக, அதனைக் கிறில் என்னும் கூனியினம் உண்ண, கிறிலைத் திமிங்கிலம் உண்ணும் சங்கிலியை இவ்வாய்வுகளே தெளிவாக்கின. டி. ஜே. ஹார்ட் 1934இலும் 1942இலும் வெளியிட்ட அறிக்கைகள் தென்கடற் பிளாந்தனின் பருவச் சுழற்சியை விளக்கின. ஆனால் அறிவு வளர்ந்த அதே ஆண்டுகளில் அழிவும் வளர்ந்தது. 1930-31 பருவத்தில் மாத்திரம் ஏறக்குறைய 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. சவர்க்காரமும் மாஜரினும் ஆக்குவதற்கு அவற்றின் எண்ணெய் வேண்டப்பட்டது.

பின்னர் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு பிடிக்கும் அளவைக் கட்டுப்படுத்த முயன்றபோது பயன்படுத்திய அளவுகோல் இன்றும் பாடமாகக் கற்பிக்கத் தக்கது. ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலங்களுக்கு அல்லது ஆறு சேய்த் திமிங்கிலங்களுக்குச் சமம் என்று எண்ணெயின் அளவைக் கொண்டு வகுத்த 'நீலத் திமிங்கில அலகு' அது. எந்த இனம் எவ்வளவு எஞ்சியுள்ளது, எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பது அவ்வலகில் இடம்பெறவில்லை. உயிரினம் பீப்பாய்க் கணக்காயிற்று. விளைவை அளக்க வல்ல விஞ்ஞானம் ஒருபுறமிருக்க, ஆட்சி செய்தது பாட்டை அளக்கும் சந்தையின் அலகே. 1970களின் தொடக்கத்தில் அவ்வலகு கைவிடப்பட்டபோது நீலத் திமிங்கிலம் பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தது.

பனிவிளிம்பின் விளைவு நேரடியாக அளக்கப்பட்ட ஆய்வுகளுள் வோக்கர் ஸ்மித்தும் டேவிட் நெல்சனும் 1983 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் றோஸ் கடலில் நடத்தியது சிறப்பானது. 1985இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பச்சைப் பெருக்கம் பனிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வரை பரந்திருந்தது. உருகுநீரால் உவர்த்தன்மை குறைந்த நீரின் எல்லையே அதன் எல்லையாகவும் இருந்தது.

4

இனி நமது கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் கடல் உயிரியல் ஆய்வு காலூன்றியதும் ஒரு வருவாய்ப் பிரச்சினையை ஒட்டியே. முத்துக்குளிப்பு ஆண்டுக்காண்டு பொய்த்தமையால் இலங்கைக் குடியேற்ற அரசு டபிள்யூ. ஏ. ஹேட்மனை 1902இல் வரவழைத்தது. ஜேம்ஸ் ஹோர்ணல் அவருக்குத் துணைநின்றார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை இப்பகுதியின் கடலுயிர் பற்றிய பெருங்களஞ்சியமாகும். ஆயினும் 1906இல் முத்துப்படுகைகள் ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் அவை பொய்த்துவிட்டன. அறிக்கை விளைவைப் பற்றிப் பேசியது. குத்தகை பாட்டைக் கணக்கிட்டது. திமிங்கிலத்துக்கு நேர்ந்தது சிப்பிக்கு முன்னரே நேர்ந்துவிட்டது எனலாம்.

கடலின் அடிப்படை விளைவை அளக்கும் முயற்சி விடுதலைக்குப் பின்னரே இப்பகுதியில் வேரூன்றியது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தின் நினைவு மறையாத காலத்தில், 1947 பெப்ரவரி 3இல், இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1949இல் அது இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. ஆர். ரகு பிரசாத்தும் பி. வி. இராமச்சந்திரன் நாயரும் மன்னார் வளைகுடாவின் அங்ககப் பொருள் உற்பத்தி பற்றிய ஆய்வை 1963இல் வெளியிட்டனர். கலதியாவில் பயன்பட்ட காபன் 14 முறை பத்தாண்டுகளுக்குள் நமது கடலுக்கு வந்து சேர்ந்தது.

மண்டபம் என்னும் இடம் தற்செயலானதன்று. அதன் அஞ்சற் பெயர் இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்பதாகும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இரயிலும் கப்பலும் இணைந்த பாதை தலைமன்னார்வரை அமைந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்து, நோய் சோதித்து, கணக்கெடுத்து அனுப்பிய முகாம் அங்கேதான் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. மனித உழைப்பு அங்கு எண்ணப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் திருப்பியனுப்பப்பட்டோரில் பெருந்தொகையினர் இக்கடல்வழியே திரும்பினர். 1980களிலிருந்து ஈழத்து ஏதிலிகள் முகாமாகவும் மண்டபம் விளங்கி வருகின்றது. கடலின் விளைவை அளந்த ஊரும், கடலைக் கடந்த மக்களை அளந்த ஊரும் ஒன்றே. பாக்கு நீரிணையின் சமூக வரலாற்றை எழுதப் புகும் ஒருவர் இவ்வொருமையைக் கடந்து செல்ல முடியாது.

இக்கரையிலும் முயற்சி இல்லாமலில்லை. இலங்கைக் கடற்றொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். துரைரத்தினம் புத்தளக் களப்பிலும் அதையடுத்த குடாக்களிலும் நீரின் வெப்பநிலை, உவர்த்தன்மை, தாவரப் பிளாந்தன் ஆகியவற்றின் பருவச் சுழற்சியை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஒரே ஆண்டில் நீரிணையின் இரு கரைகளைச் சேர்ந்தோரும் ஒரே கேள்வியை வெவ்வேறு வழிகளில் கேட்டிருக்கின்றனர்.

1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்துசமுத்திர ஆய்வுப்பயணம் இம்முயற்சிகளை விரிவாக்கியது. அதன் தொடர்ச்சியாக 1966இல் இந்தியாவின் தேசிய கடலியல் நிறுவனம் தோன்றியது. கொச்சிக் காயலின் விளைவை ஆராய்ந்தவரும், 1970களின் தொடக்கத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகவும் பின்னர் தேசிய கடலியல் நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தவருமான எஸ். இசட். காசிம், 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதலாவது அந்தாட்டிக் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். 1982 ஜனவரி 9இல் அப்பயணம் பனிக்கரையை அடைந்தது. அயனமண்டலக் காயலின் நீரைப் போத்தலில் அடைத்து அளந்த மரபு பனிவிளிம்புக்குச் சென்றதன் குறியீடாக இதனைக் கொள்ளலாம். 1983இல் இந்தியா அந்தாட்டிக் உடன்படிக்கையில் இணைந்தது. அதே ஆண்டில் மலேசியா, அந்தாட்டிக்கா ஒரு சில நாடுகளின் கழகத்துக்கு மாத்திரம் உரியதா என்னும் வினாவை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எழுப்பியது. அளப்பவர் எவர் என்பதும் ஆள்பவர் எவர் என்பதும் அங்கும் பிரிக்க முடியாதனவாகவே இருந்தன.

5

பனிவிளிம்பில் கற்ற விதி நமது கடலுக்குப் பொருந்துமா? பொருந்தும், ஆனால் தலைகீழாக. துருவக் கடலில் சத்து மிகுதி. ஒளியும் நீரின் நிலைத்தன்மையும் அரிது. ஆதலால் கலக்கம் நின்று நீர் அமைதியாகும்போது விளைவு எழுகின்றது. அயனமண்டலத் திறந்த கடலில் ஒளி ஆண்டு முழுவதும் உண்டு, சூடான மேற்படை எப்போதும் நிலைத்து நிற்கும், சத்தே அரிது. ஆதலால் நீர் கலக்கப்படும்போது விளைவு எழுகின்றது. அங்கு பனி செய்யும் வேலையை இங்கு காற்று செய்கின்றது. வாடையும் சோளகமும் மாறி மாறி வீசுவதும், மாரியில் நிலத்துநீர் கடலைச் சேர்வதும் நமது இளவேனில்களாகும். ஒரே விதி, மாறுபட்ட சூழலில் எதிரான முடிவைத் தருகின்றது. இயங்கியலின் பயனை இதைவிட எளிதாக விளக்கும் உதாரணம் அரிது.

பாக்கு விரிகுடா இவ்விரண்டினின்றும் வேறான ஒரு சிறப்புடையது. அது மிக ஆழமற்றது. பல இடங்களில் ஒளி அடித்தளம்வரை செல்கின்றது, கடற்புற்படுக்கைகள் வளர்கின்றன, காற்றெழுந்தால் அடிச்சேறு கலங்கிச் சத்து மேலே வருகின்றது. நீரில் மிதக்கும் தாவரமும் நிலத்தில் வேரூன்றிய கடற்புல்லும் சேர்ந்தே இங்கு விளைவை ஆக்குகின்றன. அதாவது இக்கடலின் உற்பத்திக் கருவி அதன் அடித்தளமேயாகும். காற்றின் பெயரால் காலத்தைப் பகுத்த நமது கடற்றொழிலாளர் இதனைப் பரம்பரை பரம்பரையாக அறிந்திருந்தனர். அவர்களது அறிவு எண்ணாக எழுதப்படவில்லை என்பதால் அது அறிவன்று என்றாகிவிடாது. அதேவேளை, அது எண்ணாக எழுதப்படாதமையால் பேச்சுவார்த்தை மேசைகளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

6

1978இல் ஏவப்பட்ட 'நிம்பஸ் 7' செய்மதியின் கருவி கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிடத் தொடங்கியது. 1999இல் இந்தியாவும் தனது கடல்நிறக் கருவியைச் செய்மதியில் அனுப்பியது. இதனால் உலகக் கடல் முழுவதையும் ஒரே பார்வையில் காண முடிந்தது. ஆனால் லோமன் ஹென்சனின் வலையைப் பற்றிக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். 2011 ஜூலையில் ஆட்டிக்கின் சுக்சிக் கடலில், ஏறத்தாழ ஒரு மீற்றர் தடித்த பனியின் அடியில், விளிம்பிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் உட்சென்ற பெரும் பிளாந்தன் பெருக்கமொன்றைக் கெவின் அரிகோ தலைமையிலான குழு கண்டது. 2012இல் அது வெளியிடப்பட்டது. செய்மதி அதனைக் கண்டிருக்க முடியாது. பாக்கு விரிகுடாவிலும் செய்மதி தடுமாறுகின்றது: கலங்கிய சேறும், கண்ணுக்குத் தெரியும் அடித்தளமும் பச்சையத்தின் நிறத்தோடு குழம்புகின்றன. பனிக்கடலிலும் ஆழமற்ற கடலிலும் இறுதியில் போத்தலும் படகும் மனிதரும் வேண்டப்படுகின்றனர்.

2012 செப்ரெம்பரில் ஆட்டிக் கடற்பனியின் பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. 1998 முதல் 2018 வரை ஆட்டிக் சமுத்திரத்தின் முதனிலை உற்பத்தி 57 சதவீதத்தால் கூடியது என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. பனி அகன்றால் மீன் பெருகுமா என்று முதலீடு கணக்கிடத் தொடங்கியபோது, 2018இல் ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் மத்திய ஆட்டிக் சமுத்திரம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. 2021இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் 16 ஆண்டுகளுக்கு அங்கு வணிக மீன்பிடி இல்லை. முதலில் அளவை, பின்னரே மீன்பிடி. இதிற் கையொப்பமிட்டோர் தியாகிகளல்லர். ஆயினும் விளைவை அறியுமுன் பாட்டைத் தொடங்கலாகாது என்னும் கொள்கை அனைத்துலகச் சட்டத்தில் இடம்பெற்றது முக்கியமானது.

பாக்கு விரிகுடாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மண்டபத்து ஆய்வாளர் விளைவை அளந்துகொண்டிருந்த அதே 1960களில், கூனி இறாலின் ஏற்றுமதி விலையால் உந்தப்பட்டு இழுவைப்படகுகள் பெருகத் தொடங்கின. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோட்டை வரைந்தன. விளைவைப் பற்றி எதுவும் வகுக்கவில்லை. 1983 முதல் 2009 வரை போர் வடபகுதி மீனவரைக் கரையில் முடக்கியது. மயிலிட்டித் துறைமுகம் 1990இலிருந்து 2017 வரை இராணுவ வலயத்துள் இருந்தது. அவர்கள் மீண்டும் கடலுக்குச் சென்றபோது, தமிழகத்து இழுவைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் தமது கடலில் உழுதுகொண்டிருக்கக் கண்டனர். அவர்களது விடுவலைகள் அறுந்தன. இழுவைமடி அடித்தளத்தை உழுவது என்றால், முன்னர் கூறியதுபோல, இக்கடலின் உற்பத்திக் கருவியையே உழுவதாகும். இலங்கை 2017இல் அடித்தள இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2016இல் இரு நாடுகளும் அதனை முடிவுக்குக் கொண்டுவர உடன்பட்டிருந்தன. ஆயினும் பிரச்சினை தீரவில்லை.

இதனை 'தமிழகத் தமிழனுக்கும் ஈழத் தமிழனுக்கும் இடையிலான சண்டை' என்று வருணிப்பது தவறு. கைதாகிச் சிறையிலிருப்பவர்கள் பெரும்பாலும் படகிற் கூலிக்கும் பங்குக்கும் செல்லும் தொழிலாளர். படகின் உரிமையாளரும் ஏற்றுமதியாளரும் கரையில் இருக்கின்றனர். அக்கரையின் கட்டுமர, நாட்டுப்படகு மீனவரும் இழுவைப்படகினால் பாதிக்கப்பட்டவர்களே. முரண்பாடு இரு கரைகளுக்கு இடையில் இல்லை. கடலின் விளைவுக்கும், அவ்விளைவின் வேகத்தை விஞ்சிச் செல்ல வேண்டியிருக்கும் மூலதனத்தின் சுழற்சி வேகத்துக்கும் இடையிலேயே உள்ளது. கடனில் வாங்கிய இயந்திரமும் எரிபொருளும் வட்டியும் கடலின் பருவத்துக்காகக் காத்திரா. தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 45 நாட்களாக இருந்து 2017இல் 61 நாட்களாக நீட்டப்பட்ட தடைக்காலம், இவ்வுண்மையை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளமாகும்.

7

சுன்னாகத்தில் தொடங்கிய கட்டுரையைச் சுன்னாகத்திலேயே முடிப்பது பொருந்தும். அளவை என்பது சாதாரண மக்களின் வாழ்வில் எவ்வளவு கனதியானது என்பதை இவ்வூர் நன்கு அறியும். அனல்மின் நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய பிரச்சினை 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்தபோது, நீரில் எண்ணெய் எவ்வளவு என்னும் எண்ணே விவாதப்பொருளாயிற்று. குழுக்கள் மாறுபட்ட முடிவுகளைக் கூறின. தாய்மார் போத்தல் நீருக்காக வரிசையில் நின்றனர். 2019இல் உயர்நீதிமன்றம் மாசு நிகழ்ந்ததை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு தீர்ப்பளித்தது. எண்ணை எவர் எடுக்கின்றார், எவரிடம் சொல்கின்றார் என்பது உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேலும், வலிகாமத்துச் சுண்ணக்கற் பாறையினூடாக நமது கிணற்றுநீர் கடலை நோக்கிச் செல்கின்றது. கீரிமலை ஊற்று அதன் வெளிப்படையான வாயில். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் நைத்திரேற்று நமது கிணறுகளில் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பனிவிளிம்பில் விளைவை ஆக்கும் அதே பொருள், இங்கு குடிநீரில் நஞ்சாகின்றது. மண்ணுக்கும் நீருக்கும் கடலுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றம் குலைவதைப் பற்றி மார்க்ஸ் லீபிக்கிடம் கற்றது நமது தோட்டத்து வரம்பிலும் உண்மையாகின்றது.

ஆகவே வேண்டப்படுவது யாது? பாக்கு விரிகுடாவின் விளைவை இரு கரைகளின் பல்கலைக்கழகங்களும் இரு கரைகளின் மீனவர் சங்கங்களும் ஒன்றிணைந்து, பருவந்தோறும், பல்லாண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். அவ்வெண்கள் தமிழில், துறைமுகத்திலும் சந்தையிலும் படிக்கக்கூடிய மொழியில் வெளியிடப்பட வேண்டும். மீனவரின் காற்று அறிவும் கடற்புல் அறிவும் அவ்வளவையின் ஓர் அங்கமாக வேண்டும். ஆட்டிக்கில் ஏற்கப்பட்ட ஒழுங்கு, விளைவை அறிந்த பின்பே பாடு என்பது, பாக்கு விரிகுடாவிலும் ஏற்கப்பட வேண்டும்.

நமது மீனவர் பாடு என்ற ஒரே சொல்லால் மீனையும் உரிமையையும் உழைப்பையும் குறித்தனர். அம்மூன்றையும் பிரித்து, மீனை ஏற்றுமதியாளருக்கும், உரிமையை எல்லைக்கோட்டுக்கும், உழைப்பை மாத்திரம் தொழிலாளிக்கும் விட்டுவைத்தது நமது காலத்தின் பொருளாதாரம். அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கும் போராட்டத்தில் கடலின் விளைவு பற்றிய எண்ணும் ஓர் ஆயுதமாகும். அவ்வாயுதம் உழைப்பவர் கையில் இருத்தல் வேண்டும்.